மிச்சத்தில் காய்ச்சிய பியர்

யாராவது ஒரு பொருளைச் சும்மா கொடுத்தால், பெனடிக்ற் அதை வாங்குவதற்கு முன் கவிழ்த்து அடிப்பக்கம் பார்ப்பார். ஒக்லாந்தின் ஒனஹங்காவில் குளிர்சாதனப்பெட்டி திருத்தும் வேலைத்தலத்தில் அவரோடு நின்றவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. சொக்கலேற் ஒன்றை நீட்டினால்கூட உறையின் ஓரம் ஒட்டினபடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வாயில் போடுவார்.

அவருக்கு அந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. மன்னாரில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த காலத்தில், ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்கு மூடியபடி ஒருவன் இருந்தான். பெனடிக்ற் முன்னால் வந்தபோது இவன்தான் என்று சாக்கு மேலும் கீழும் ஆடியது. முகம் தெரியவில்லை, ஆனால் கால் தெரிந்தது. பெருவிரலில் நகமில்லாத அந்தக் காலை அவர் தினமும் பார்த்தவர். மத்தியானத்தில் பக்கத்தில் இருந்து ஒரே பார்சலில் சோறு தின்ற மனிதனின் கால். அதற்குப் பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தார். வெளியே வந்து, மரியநாயகியைக் கட்டி, ஒக்லாந்துக்கு வந்து த்ரீ கிங்ஸில் வீடெடுத்து ஐந்து வருடமாகியும், வீட்டில் எங்கே இருந்தாலும் வாசல் தெரிகிற பக்கமாகத்தான் இருப்பார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சனவரிக் கடைசியில் பக்கத்து வீட்டு நீல், பேர்த் நகரத்திலிருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டை விற்றார். போவதற்கு முதல் கிழமை ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பெனடிக்றின் கராஜுக்கு வந்தார். வண்டியில் கீழே குழாய் வைத்த பெரிய வெள்ளைப் பிளாஸ்ரிக் வாளி ஒன்றும், அதற்கு மேலே ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தன. நீல் வீட்டிலே பியர் காய்ச்சுகிறவர். பெட்டிக்குள் இருந்தது அவர் காய்ச்சிக் காய்ச்சி மிஞ்சியது எல்லாம்.

"எறிய மனமில்லை. நீ ஏதாவது செய்துபார்," என்றார் நீல்.

பெனடிக்ற் நன்றி சொன்னார். நீல் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டபிறகு, வாளியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தார்.

"அந்த மனுசன் ஊரை விட்டுப் போறார், சாமானைத் தந்திட்டுப் போறார். இதிலை பாக்க என்ன இருக்கு?" என்றாள் மரியநாயகி.

"ஏன் எனக்குத் தாறார்? எதிர்வீட்டுக்காரன்தானே அவரோடை இருந்து குடிக்கிறவன். அவனுக்கு ஏன் குடுக்கேல்லை?"

"அவன்ரை மனிசி அந்த வாளியை வீட்டு வளவுக்குள்ளை விடுவாளோ?"

அது நியாயம்தான். ஆனாலும் பெனடிக்ற் அடுத்த நாள் வேலைத்தலத்தில் போர்மனிடம், வீட்டில் பியர் காய்ச்சினால் பொலிஸ் வருமா என்று சுற்றிவளைத்துக் கேட்டார். இந்த நாட்டில் பாதிப் பேரின் கராஜில் அதுதான் நடக்கிறது என்று போர்மன் சிரித்தார். அதற்குப் பிறகும் பெட்டி இரண்டு கிழமை தொடப்படாமல் கிடந்தது.

கடைசியில் ஆசைதான் வென்றது. நாற்பது நாள் தவசு காலம் தொடங்கப்போகிறது, இப்போது காய்ச்சி வைத்தால் உயிர்த்த ஞாயிறுக்குக் குடிக்கலாம் என்ற கணக்கு. நீல் ஒரு தடவை வேலிக்கு மேலால் நீட்டிய பேல் ஏல் என்ற பியர் அவருக்கு நினைவிருந்தது. தேன் நிறம், முன்னுக்கு ஒரு கசப்பு, பின்னுக்குத் தோடம்பழத் தோலின் வாசம். அப்படி ஒன்று வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை மேசையில் பேப்பரை விரித்துப் பெட்டியிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

முளைகட்டி உலர்த்திய பார்லியைக் காய்ச்சிப் பாகாக்கிய மோல்ற் ரின் ஒன்று, உடைக்காதது. மூடி ஊதியிருக்கிறதா என்று அமத்திப் பார்த்தார். ஊதவில்லை. இன்னொரு ரின் திறந்து, மிச்சத்தைப் பிளாஸ்ரிக் தாளால் மூடிக் கட்டியிருந்தது. கரண்டி நுனியால் நக்கிப் பார்த்தார். சீனி கொஞ்சம் கருகினதுபோல் ஒரு ருசி. கெட்டுப்போகவில்லை, ஆனால் நிறத்தைக் கூட்டிவிடும். ஒரு கடதாசிப் பையில் சிவந்த வறுத்த தானியம் இருந்தது. வாயில் போட்டுக் கடித்தார், ரொபி மாதிரி மொறுமொறுத்தது. நிறத்துக்கும் இனிப்புக்கும் போடுவது அது. திறந்த ரின்னே கருமை தரப்போகிறது என்பதால் தானியத்தில் ஒரு கைப்பிடி போதும் என்று முடிவு செய்தார்.

பெயரெழுதாத பையொன்றில் வெள்ளைத் தூள் இருந்தது. அதுதான் அவரை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. போத்தில் கழுவும் மருந்தாகவும் இருக்கலாம். ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் கரைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மணந்தார். ஹோர்லிக்ஸ் மணம் வந்தது. அதுவும் மோல்ற்தான், தூளாக்கியது. ஆனாலும் கரைத்ததை யன்னல் ஓரம் வைத்து, எறும்பு வந்து மொய்த்ததைக் கண்டபிறகே மேசையில் சேர்த்தார்.

ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்துதான். ஈயத்தாள் பைகள் இரண்டில் அது பாதிப் பாதி இருந்தது. ஒன்றின் பெயர் அழிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார், எலுமிச்சைத் தோலும் வைக்கோலும் கலந்த வாசம் எழும்பியது. மற்றதில் கிறீன் புல்லற் என்று எழுதியிருந்தது. அதன் மேற்பகுதி பழைய சீஸ் மாதிரி மணத்தது. அதைக் கிள்ளி எறிந்துவிட்டு அடியிலிருந்த பச்சையை மட்டும் எடுத்தார். பழசானால் கசப்புக் குறையும் என்று நூலகத்துப் புத்தகத்தில் வாசித்திருந்தார். ஆகவே கொதி தொடங்கும்போதே கிறீன் புல்லற்றைப் புத்தகத்தில் சொன்னதைவிடக் கூடப் போடுவது, பெயரில்லாததை இறக்குகிற நேரம் போட்டு வாசத்தைப் பிடிப்பது என்று திட்டம் வகுத்தார். நொதிக்கவைக்கும் ஈஸ்ற் பைகள் இரண்டுக்கும் திகதி முடிந்திருந்தது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் மோல்ற்றோடு தனித்தனியாகக் கரைத்து வைத்தார். ஒன்று செத்த குளம்போல் கிடந்தது. மற்றது வெயில் ஏறும்போது மெல்ல நுரைத்தது.

கராஜில் பெரிய சட்டியொன்றில் தானியத்தைத் துணியில் கட்டி ஊறவைத்து, பாகைக் கரைத்துக் கொதிக்கவிட்டபோது வீடு முழுக்க ஒரு கனத்த மணம் நிறைந்தது. கராஜ் வாசலில் ஜனார்த்தன் வந்து நின்றான்.

ஜனார்த்தன் அவர்களுடைய பின்னறையில் வாடகைக்கு இருந்தவன். யாழ்ப்பாணத்தான், முப்பது கடந்தவன். அகதிக் கோரிக்கை ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். குவீன் ஸ்ரீற்றில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் வேலை. அந்த மாதம்தான் நகர மையத்துக்குப் போகும் மின்கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, மத்திய ஒக்லாந்து கிழமைக்கணக்கில் இருண்டு கிடந்தது. ரெஸ்ரோரன்ற் மூடிவிட்டது. ஜனார்த்தன் பகல் முழுக்க வீட்டில் இருந்தான்.

"எத்தினை நாளிலை சரிவரும் அண்ணை?" என்று கேட்டான்.

"ரெண்டு மூண்டு கிழமை."

"அதுவரைக்கும் இஞ்சைதானோ இருக்கும்? கராஜ் திறந்தபடிதானோ?"

பெனடிக்ற் கிண்டுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். "ஏன்?"

"இல்லை, சும்மா," என்றுவிட்டு அவன் போனான்.

கராஜ் திறந்திருக்குமா என்று ஒருவன் சும்மா கேட்பானா? ஆறிய பாகை வாளியில் ஊற்றி, ஈஸ்ற்றை விட்டு மூடியை அமத்திய பிறகு, பெனடிக்ற் பென்சிலை எடுத்து உள்ளே தெரிந்த மட்டத்துக்கு நேராக வெளியில் ஒரு கோடு கீறினார்.

வியாழக்கிழமை வேலையால் வந்து பார்த்தபோது மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

நுரை அடங்கினால் கொஞ்சம் இறங்கும்தான். ஆனால் இது ஒரு விரல் அகலம். குழாய்க்குக் கீழே சீமெந்து நிலத்தில் ஈரத்தின் தடம் வட்டமாகக் காய்ந்திருந்தது. தொட்டு மணந்தார். பியர்தான். புதிய மட்டத்தில் இன்னொரு கோடு கீறினார்.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் சிலுவைப்பாதை முடிந்து, மண்டபத்தில் சனங்கள் மரியநாயகியின் அப்பத்துக்கு வரிசையில் நின்றார்கள். தவசு வெள்ளிகளில் இறைச்சி இல்லை என்பதால் அப்பம் சுடும் பொறுப்பை அவள் எடுத்திருந்தாள். அப்பம் நடுவில் பஞ்சாகப் பொங்கி, கரை மொறுமொறுவென்று வந்திருந்தது. ஊரில் தின்றதுபோலவே இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெனடிக்ற் நாலு தின்றார். ஐந்தாவதில் மெல்லிய ஒரு கசப்பு நாக்கில் தட்டியது. தேங்காய்ப்பால் ரின் பழசாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, வீட்டுக்குப் போய் வெறும் ரின்னின் திகதியைப் பார்த்தார். திகதி சரியாகத்தான் இருந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவருடைய கண் ஜனார்த்தன் மேல்தான். அவன் கராஜ் பக்கம் போவதில்லை என்பதுகூட அவருக்குச் சந்தேகமாகப் பட்டது. முன்னெல்லாம் மழைக்கு உடுப்புக் காயப்போட அங்கேதான் போவான். இப்போது ஏன் போகிறானில்லை? களவெடுத்தவன்தானே களவெடுத்த இடத்துக்கு விலகி நடப்பான்? அதோடு தொலைபேசி வேறு. பெனடிக்ற் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஜனார்த்தன் குரலைத் தாழ்த்தி, இரண்டு சொல்லில் முடித்து ரிசீவரை வைத்துவிடுவான். ஒருநாள் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையில் சத்தமில்லாமல் நின்று கேட்டார்.

"ஓம், அவர் காலமை போனால் பின்னேரம்தான் வாறவர்," என்று ஜனார்த்தன் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அது பியர்ப் பிரச்சினையாக இருக்கவில்லை. தன்னுடைய போக்குவரத்தை இவன் யாருக்குச் சொல்கிறான்? எதற்கு? சாப்பாட்டு மேசையில் ஜனார்த்தன் சோறு போட்டுக்கொள்ளும்போது அவருடைய பார்வை தானாக மேசைக்குக் கீழே, அவனுடைய கால்களுக்குப் போனது. பத்து விரலிலும் நகம் ஒழுங்காக இருந்தது. அது அவருக்கு ஆறுதல் தரவில்லை.

அடுத்த வியாழனும் மட்டம் இறங்கியது. இந்தமுறை முந்தியதைவிடக் கூட.

அவர் சண்டை பிடிக்கிற மனிதரல்ல. சனிக்கிழமை மரியநாயகி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருந்த நேரம், ஜனார்த்தனின் அறை வாசலில் நின்று சொன்னார்:

"தம்பி, மரியநாயகியின்ரை சொந்தக்காரர் வருகினம். அறை தேவைப்படுது."

ஜனார்த்தன் கட்டிலில் இருந்து எழும்பவில்லை.

"எப்ப அண்ணை?"

"கெதியிலை."

"ஓம் அண்ணை," என்றான். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததையும் பெனடிக்ற் குற்றத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பின்னேரமே மாசி என்ற புறநகரிலிருந்து ஒரு சிநேகிதன் வான் வண்டியோடு வந்தான். இரண்டு பையும் ஒரு போர்வையும்தான் அவனுடைய சாமான். மரியநாயகி வந்து கேட்டபோது, சிநேகிதனோடு இருக்கப் போய்விட்டான் என்றார் பெனடிக்ற். தனக்கு ஒரு சொல் சொல்லாமல் போனானே என்று அவள் மனம் நொந்தாள். அன்றைக்கே கராஜ் கதவுக்குப் பூட்டு ஏறியது.

மட்டம் அசையவில்லை. ஞாயிறு பார்த்தார், செவ்வாய் பார்த்தார், வியாழன் பார்த்தார். கோடும் மட்டமும் ஒன்றாகவே நின்றன. தன்னுடைய மூக்கு பிழைக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அந்தக் கிழமை நன்றாக நித்திரை கொண்டார்.

வெள்ளிக்கிழமை அப்பம் தட்டையாக வந்தது. மண்டபத்தில் சனங்கள் மரியாதைக்குத் தின்றார்கள், இரண்டாவது கேட்க ஒருவரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அப்பச்சட்டியைத் தொட்டியில் போட்டவள் திரும்பிக் கேட்டாள்:

"அந்தக் கராஜை ஏன் பூட்டினனீங்கள்? எனக்கு அப்பத்துக்கு நுரை எடுக்கேலாமல் போச்சு."

"என்ன நுரை?"

"உங்கடை வாளியிலை நுரைச்சுக் கிடக்கிற பியர்தான். ரெண்டு கிழமையும் அதிலைதானே சாடியிலை பிடிச்சுக்கொண்டு வந்து மாவுக்கை விட்டனான். கள்ளில்லாத ஊரிலை வேறை என்னத்தை விட்டுப் புளிக்கவைக்கிறது? கடை ஈஸ்ற்றிலை இந்தமுறை செய்தன், பாருங்கோ, தோல் மாதிரி வந்து நிக்குது."

பெனடிக்ற் கதிரையை இழுத்து இருந்தார். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பியளோ? மூடியைத் திறந்தியோ, கை கழுவினியோ, கிருமி போச்சோ எண்டு அரைநாள் விசாரணை வைப்பியள். அதாலை குழாயாலை பிடிச்சனான். மூடியிலை கையே வைக்கேல்லை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவருடைய முகத்தை வாசிக்க அவளுக்குத் தெரியும்.

"ஜனார்த்தனை நீங்களோ போகச் சொன்னது?"

"ஓம்."

"அவன் களவெடுத்தான் எண்டோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை. உன்ரை சொந்தக்காரர் வருகினம் எண்டு..."

"என்ரை பேரைச் சொல்லி," என்றாள். குரல் உயரவில்லை. "வழக்கு முடியாமல், வேலையும் இல்லாமல் இருக்கிற பெடியனை, என்ரை பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறியள். அவன் என்னைப் பற்றி என்ன நினைச்சிருப்பான்?"

அன்றைக்கு அவள் அவரோடு கதைத்தது அவ்வளவுதான். அடுத்த நாளும் கதைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அவர் தனியே மாசிக்குக் காரை விட்டார். மோட்டர்வேயில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தார். வீட்டைக் கண்டுபிடித்து இறங்கியபோது அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. ஜனார்த்தன் வாசற்படியில் இருந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். எழும்பி ஒருமுறை வீட்டின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான், ஆனால் உள்ளே வரச் சொல்லவில்லை.

"தம்பி, நான் பிழை விட்டிட்டன். வாளியிலை இருந்து எடுத்தது இவள்தான், அப்பத்துக்கு. நான் நீயெண்டு நினைச்சன்."

"தெரியும் அண்ணை."

"என்ன தெரியும்?"

"நீங்கள் என்னைத்தான் நினைக்கிறியள் எண்டு. வாளியிலை கோடு கீறியிருந்ததைப் பாத்தனான். அக்கா சாடியோடை போனதையும் பாத்தனான்."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே. நானாப் போய்ச் சொன்னால் அக்காவைக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும்." அவன் கத்தியைக் கிழங்கோடு சட்டிக்குள் வைத்தான். "எனக்கு அந்த மணமே ஒத்துக்கொள்ளாது. உடுப்பெல்லாம் மணக்குது எண்டுதான் அண்டைக்குக் கராஜ் திறந்திருக்குமோ எண்டு கேட்டனான்."

பெனடிக்றுக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. அதையும் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தார். "தொலைபேசியிலை, நான் எப்ப போய் எப்ப வாறனெண்டு ஆருக்குச் சொன்னனீ?"

ஜனார்த்தன் முதன்முறையாக அவருடைய கண்ணை நேரே பார்த்தான். "வழக்குக்கு மொழிபெயர்க்கிற அக்காவுக்கு. என்ரை கதையை ஒருக்கால் முழுக்கச் சொல்லவேணும் எண்டவ. நீங்கள் வீட்டிலை நிக்கேக்கை என்னாலை கதைக்க ஏலாது. நீங்கள் செருப்பைக் கழட்டிப்போட்டு வந்து நிண்டு கேக்கிறனீங்கள்."

பெனடிக்ற் தன் கால்களைப் பார்த்தார்.

"உண்மையைச் சொன்னால், நானும் உங்களை நம்பேல்லை," என்றான் ஜனார்த்தன். "என்ன வழக்கு, ஆர் சாட்சி, எந்த ஊர், எந்தத் தெரு எண்டு வந்த நாள் தொடக்கம் கேட்டுக்கொண்டே இருந்தியள். ஆருக்கோ சொல்லத்தான் கேக்கிறியளாக்கும் எண்டு நினைச்சன். போகச் சொன்ன உடனை, சரி, சொல்லிப்போட்டார் எண்டுதான் நினைச்சன். ஒரு கிழமையா இஞ்சை ஆராவது கதவைத் தட்டினால் பின்பக்கத்தாலை போய் நிக்கிறனான்."

கார் வந்து நின்றதும் அவன் ஏன் எழும்பிப் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தான் என்பது பெனடிக்றுக்கு இப்போதுதான் விளங்கியது. தான் யாரைக் கண்டு காலமெல்லாம் பயந்தாரோ, அந்த ஆளாக இந்தப் பெடியனுக்குத் தான் தெரிந்திருக்கிறார் என்பதும் அதோடு விளங்கியது. நகமில்லாத பெருவிரலைப் பற்றி மரியநாயகிக்குக்கூட அவர் முழுக்கச் சொன்னதில்லை. அந்த வாசற்படியில் நின்றபடி சொன்னார். ஜனார்த்தன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்தபிறகு, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்," என்றான்.

திரும்பி வரும்படி கேட்டதற்கு மட்டும் அவன் ஓம் சொல்லவில்லை. "அக்காவிலை கோவமில்லை எண்டு சொல்லுங்கோ. ஆனா இஞ்சையே இருக்கிறன்," என்றான். பெனடிக்ற் வற்புறுத்தவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று போத்தில் திறந்தார்கள். நிறம் நினைத்ததைவிடக் கருமை, தேனல்ல, தேத்தண்ணி. கசப்பு முன்னுக்கு வந்தது, ஆனால் பெயரில்லாத ஹொப்ஸின் வாசம் கடைசியில் அழகாக எழும்பியது. மரியநாயகி அரைக் கோப்பை குடித்துவிட்டு, "குடிக்கலாம்," என்றாள். அதைவிடப் பெரிய புகழ்ச்சி அவளிடமிருந்து வருவதில்லை. அதற்குப் பிறகு கடையில் புது ரின்னும் புது ஹொப்ஸும் வாங்கி அவர் எத்தனையோ தரம் காய்ச்சினார். நிறம் சரியாக வந்தது, அந்த வாசம் மட்டும் ஒருபோதும் வரவில்லை. அது எந்த ஹொப்ஸ் என்று பேர்த்துக்கு எழுதிக் கேட்டார். நீலுக்கும் தெரிந்திருக்கவில்லை.

சந்தேகம் அவரை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாசல் தெரிகிற பக்கமாகத்தான் இப்போதும் இருப்பார். ஆனால் மனதில் ஒன்று அரிக்கத் தொடங்கினால் அதை மரியநாயகியிடம் வாய்விட்டுச் சொல்லப் பழகினார். பாதிச் சந்தேகங்கள் சொல்லும்போதே சிரிப்பாகிவிடும். மிச்சத்துக்கு அவள் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பாள்.

ஜனார்த்தனின் வழக்கு அடுத்த வருடம் வென்றது. வெலிங்டனில் ஒரு ஹோட்டல் குசினியில் நல்ல வேலையும் கிடைத்தது. இடைக்கிடை மரியநாயகிக்குத் தொலைபேசி எடுத்துக் கதைப்பான். ஒருநாள் கதைத்து முடிகிற நேரம், "அண்ணை நிக்கிறாரோ?" என்று கேட்டான். பெனடிக்ற் ரிசீவரை வாங்கினார். ஹோட்டலின் பெரிய குளிரறையில் கதவோரம் ஐஸ் கட்டுகிறது, என்ன செய்யலாம் என்று ஜனார்த்தன் கேட்டான். கதவு றப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார், வழுகி வந்தால் றப்பர் போய்விட்டது என்று அவர் தொடங்கினார். பிறகு விசிறி, வடிகுழாய், இரவில் யார் கதவைத் திறந்து விடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தார். அவன் அங்கிருந்து ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மரியநாயகி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டும் அவர் ரிசீவரை வைக்கவில்லை.